குடத்தில் வெட்டிய பெயர்

(கலைக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறை மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடை ஏறும் முன் துறைத் தலைவரிடம் ஓர் அனுமதி வாங்கிக்கொண்டேன். முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன், பதில் எப்படி இருந்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று. கேள்வி இதுதான்: விண்ணப்பத்தில் வரலாற்றை முதல் விருப்பமாக எழுதியவர்கள் கை தூக்குங்கள்.

நான்கு கை. பின்வரிசையில் இன்னொன்று, ஆக ஐந்து. மோசமில்லை. எங்கள் வகுப்பில் ஒருவர்கூட இல்லை.

நானும் பி.காம். கேட்டுத்தான் போனேன். பட்டியலில் பெயர் இல்லை. அலுவலக எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே, "ஹிஸ்டரில எடம் இருக்கு, சேர்றியா?" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் அப்பா முகத்தைப் பார்த்தேன், சேர்ந்தாயிற்று. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் விசாரித்தார்: "தம்பி என்ன படிக்குது?" அப்பா, "காலேஜ்ல சேத்துட்டேன்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன படிப்பு என்று அவர் சொல்லாமல் விட்டது ஊர் வந்து சேரும்வரை என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதே பாடத்தை நாற்பது ஆண்டு நடத்திவிட்டு ஓய்வு பெற்றுவிட்டேன். அன்று அப்பா சொல்லாமல் விட்ட பதிலை இன்று நான் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

முதல் வகுப்பில் நான் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். "நாளை வரும்போது உங்கள் வீட்டிலிருந்து, உங்களைவிட வயது கூடிய, எழுத்து உள்ள ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள்" என்பேன். பத்திரம் வரும். பழைய கல்யாணப் பத்திரிகை வரும். தாத்தாவின் ரேஷன் கார்டு, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களின் பாஸ்போர்ட், கோயில் நன்கொடை ரசீது, எல்லாம் வரும். ஒரு வருடம் ஒரு பெண் எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. கழுத்துப் பகுதியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. ஓர் இனிஷியல், ஒரு பெண் பெயர், ஒரு தேதி.

பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து சின்ன உளியால் தட்டித் தட்டிப் பெயர் வெட்டுகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோயில் சுவரில் இருப்பதும் வெட்டு, குடத்தின் கழுத்தில் இருப்பதும் வெட்டு. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எந்த நாளில் என்று இரண்டுமே சொல்லும். அந்தக் குடத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். இனிஷியல் தகப்பனுடையதா, கணவனுடையதா? சீராக வந்ததா, சேமித்து வாங்கியதா? பித்தளை இருந்த வீட்டில் எவர்சில்வர் எப்போது நுழைந்தது? "எங்க அப்பாயி குடம் சார்" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் ஒத்துக்கொண்டோம். அந்தக் குடத்திடம் கடைசியில் திரும்பி வருகிறேன்.

பள்ளியில் படித்த வரலாற்றுக்கும் கல்லூரி வரலாற்றுக்கும் என்ன வேறுபாடு? பள்ளியில் விடை ஒன்றுதான். அதை யார் எழுதினார் என்று கேட்க வேண்டிய தேவை வருவதில்லை. கல்லூரியில் ஒவ்வொரு விடைக்கும் ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கு ஊர் உண்டு, காலம் உண்டு, சம்பளம் கொடுத்தவர் உண்டு, பிடித்ததும் பிடிக்காததும் உண்டு. அந்த ஆளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யக் கற்பதுதான் இந்த மூன்று வருடம். அதில் ஒரு நிபந்தனை உண்டு. நமக்குச் சாதகமாகப் பேசும் சாட்சியைத்தான் நாம் அதிகமாகக் குடைய வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றே. மற்றதெல்லாம் இதற்கான உதாரணங்கள்.

குடவோலை முறை என்றால் உங்களுக்கெல்லாம் தெரியும். கைடில் நாலு வரி: உத்திரமேரூர், முதலாம் பராந்தகன், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுத் தேர்ந்தெடுத்தல், சோழர் கால மக்களாட்சி. ஐந்து மதிப்பெண். மனப்பாடம் செய்யப் பத்து நிமிடம் போதும்.

இப்போது அந்தச் சுவருக்குப் போவோம். காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர், வைகுண்டப் பெருமாள் கோயில். அங்கே இரண்டு ஆணைகள் இருக்கின்றன. ஒன்று பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டு, 921. கைடு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதில் தொலைந்துபோகிறது: இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தி, விரித்து, மறுபடியும் வெட்ட வேண்டிய அவசியம் என்ன?

இரண்டாவது ஆணையைப் படியுங்கள். ஊரில் முப்பது குடும்புகள், நாம் வார்டு என்கிறோமே அது. வேட்பாளர் 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம். சொந்த மனையில் வீடு. வேதம் கற்றிருக்க வேண்டும். கூடுதலாகக் கற்றவருக்கு நிலத்தில் சலுகை, அரைக்கால் வேலி போதும். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில், அதாவது ஊர்க் காரியம் பார்க்கும் குழுவில், இருந்தவர் நிற்க முடியாது. அடுத்து வருவதைக் கவனியுங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. எந்தெந்த உறவு என்று கல் ஒவ்வொன்றாக எண்ணுகிறது. சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை பிள்ளை, மாமன், மைத்துனன், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது.

இவ்வளவு நீளமாக ஏன் எழுதினார்கள்? கணக்குக் காட்டாத ஒருவன், தான் ஒதுங்கிக்கொண்டு மச்சானை நிறுத்தியிருப்பான். விதி என்பது பெரும்பாலும் நடந்த தப்பின் நிழல். யாரும் ஏறாத சுவரில் யாரும் கண்ணாடிச் சில்லு பதிப்பதில்லை. அந்த மச்சானின் பெயர் கல்லில் இல்லை. ஆனால் அவன் இருந்திருக்கத்தான் வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் ஊகிக்கிறேன். அதையும் இந்தப் படிப்புதான் கற்றுக்கொடுத்தது: எது கல் சொல்வது, எது நான் சொல்வது என்று இடையில் கோடு போடுவது.

அடுத்த கேள்வி. மக்களாட்சி என்றோமே, மக்கள் யார்? இது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்த நிலத்தை உழுதவர் குடத்தில் இல்லை. பெண்கள் இல்லை. நிலமில்லாதவர் இல்லை. அரசனின் அதிகாரி உடனிருக்க அந்த ஆணை எழுதப்பட்டது. அப்படியானால் பெருமைப்பட ஒன்றுமில்லையா? உண்டு. பொதுப் பணத்தைத் தொட்டவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதைப் பதினொரு நூற்றாண்டுக்கு முன் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஓலையை எடுப்பது விவரம் அறியாத சிறுவன் கை, எடுத்ததைச் சபையின் நடுவே எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும், இப்படி ஒவ்வொரு படியிலும் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் திட்டமிட்டிருக்கிறார்கள். 'மக்களாட்சி' என்ற ஒற்றைச் சொல்லை ஒட்டியபோது அவர்களுடைய சாதனையும் மறைந்தது, அவர்கள் விலக்கிவைத்தவர்களும் மறைந்தார்கள். இரண்டையும் ஒருசேரப் பார்க்கக் கற்றால், அந்த ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐம்பது பக்கம் எழுதலாம்.

இந்த வேலையை அழகாகச் செய்து காட்டிய ஒருவரைச் சொல்கிறேன். நொபோரு கராஷிமா, ஜப்பானியர். 1960களின் தொடக்கத்தில் இங்கே வந்தார். தமிழ் கற்றார், கல்வெட்டுப் படிக்கக் கற்றார். மற்றவர்கள் அரசர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் போர்களைத் தேடிக்கொண்டிருந்த இடத்தில், இவர் காவிரிக்கரையில் திருச்சிக்கு அருகே இரண்டு சிற்றூர்களை எடுத்துக்கொண்டார்: அல்லூர், ஈசானமங்கலம். யார் யாருக்கு நிலம் விற்றார், நான்கெல்லை எது, கொடுத்தது தனி ஆளா ஊராரா என்று சலிப்பூட்டும் விற்பனைக் கணக்குகளை வரிசையாக அடுக்கினார். பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் கையில் இருந்தது. வேளாளர் ஊரான அல்லூரில் ஊரார் பொதுவாக வைத்திருந்ததற்கான அடையாளம் தெரிந்தது. அடுத்தடுத்த ஊர், ஒரே ஆறு, ஒரே அரசன். நிலம் மட்டும் இரண்டு விதம். 1966இல் வெளிவந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு 'சோழர் காலத்தில் நிலவுடைமை' என்று ஒற்றை வாக்கியத்தில் எழுதுவது கடினமாகிவிட்டது. பின்னால் எ. சுப்பராயலு முதலியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றித் தொகுத்தார். 1978இல் அது மூன்று தொகுதியாக வந்தது.

இதை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. உங்களில் பலர் தமிழ்வழி. நூலகத்தில் நல்ல புத்தகமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, நமக்கு எட்டாது என்று ஒரு தாழ்வு மனசு. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1930களில் ஆங்கிலத்தில்தான் வந்தது, உண்மை. ஆனால் அவர் எந்த மூலத்தை வைத்து எழுதினாரோ அந்த மூலம் தமிழில் இருக்கிறது. தோக்கியோவிலிருந்து ஒருவர் கடல் கடந்து வந்து, வருடக்கணக்கில் உழைத்துப் பெற்ற மொழி, நீங்கள் பிறக்கும்போதே வாயில் இருந்தது. ஆங்கிலமும் படியுங்கள், அது வேண்டும். ஆனால் வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே விடமாட்டார்களோ என்று தயங்காதீர்கள். வீடு உங்களுடையது.

கல்லில் எழுதியவர்கள் சபையாரும் அரசரும். தாளில் எழுதியவர் ஒருவரைப் பார்ப்போம். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி, 1761 ஜனவரியில், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, தாம் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். வணிகர், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். சரக்கு விலை, கப்பல் வரவு, துரையின் கோபம், சாதிச் சண்டை, வதந்தி எல்லாம் அதில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேச்சைக் காதால் கேட்பது போல இருக்கும். அருமையான சாட்சி. அருமையான சாட்சி என்பதால்தான் குடைய வேண்டும். தம்மைப் பற்றித் துரை புகழ்ந்ததை அவர் எழுதும்போது அங்கே வேறு யார் இருந்தார்? போட்டியாளரைப் பற்றி அவர் எழுதும்போது எவ்வளவு தள்ளிக் கேட்க வேண்டும்? அவர் வீட்டு வாசலில் காத்து நின்ற நெசவாளி ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் அதே நாள் எப்படித் தெரியும்? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. கேட்காமல் இருந்தால், பிள்ளை நின்ற இடத்திலேயே நாமும் நின்றுகொண்டிருப்போம். அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. உங்கள் கைப்பேசியில் தினமும் வரலாறு வருகிறது. உலகின் முதல் மொழி, முதல் அணை, முதல் கப்பல், ஏதோ ஒரு சாதிதான் ஆண்ட பரம்பரை. படித்தவுடன் நெஞ்சு விம்மும், விரல் தானாகப் பகிரும். வரலாறு படிக்கிற பிள்ளை என்ன செய்ய வேண்டும்? நெஞ்சு விம்முகிற அந்தக் கணத்தில் விரலை நிறுத்த வேண்டும்.

கீழடி அகழாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் பெருமைதான். வைகைக்கரையில் செங்கல் கட்டுமானம், உறைகிணறு, பானை ஓட்டில் கீறிய ஆட்பெயர்கள். அந்தப் பெயர்களைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குடம்தான் நினைவுக்கு வந்தது. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் ஒரு கரிமாதிரி பொ.ஆ.மு. 580 என்று காலம் காட்டியது. மேடையில் அதைச் சொல்வது எளிது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மாதிரி எந்த ஆழத்தில் எடுத்தது? 353 செ.மீ. ஆழத்தில். அதே அடுக்கில் வேறு என்ன கிடைத்தது? மேல் அடுக்கில் எடுத்த மாதிரி என்ன சொல்கிறது? ஓர் அடுக்கின் காலத்தை ஊர் முழுவதற்கும் நீட்டலாமா? இப்படிக் கேட்பதால் கீழடி சிறுத்துவிடாது. பகையாளி கேட்கும் முன் நாமே கேட்டுவிட்ட கேள்விகளில் நின்று பிழைத்த உண்மைக்குத்தான் பலம் உண்டு.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த கதியையும் நினைத்துப் பாருங்கள். கட்டியவன் பெயர் சுவரெங்கும் வெட்டியிருந்தது. ஆனாலும் ஊர் அதை மறந்து, வேறு வேறு பெயர்களைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் கல்வெட்டுகளைப் படித்து ராஜராஜன் என்று நிலைநாட்டினார். அதே சுவரில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிப் பெண்களின், பட்டியலும் இருக்கிறது. யார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ராஜராஜனுக்குச் சிலை இருக்கிறது, விழா இருக்கிறது. அந்த நானூறு பேருக்கு அந்தச் சுவர் மட்டும்தான். அதைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

'வேலை?' என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. உங்களில் பலர் டி.என்.பி.எஸ்.சி. எழுதத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். எழுதுங்கள். அதில் குறை எதுவும் இல்லை, என் மாணவர்கள் பல தாலுகா ஆபீஸ்களில் இருக்கிறார்கள். ஆசிரியர் வேலை, சட்டப் படிப்பு, இதழியல் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை தொல்லியலிலும் கல்வெட்டியலிலும் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கென்று துறை இருக்கிறது. எழும்பூர் ஆவணக்காப்பகச் சிவப்புக் கட்டடத்துக்குள் ஒரு நாள் போய் வாருங்கள். ஒரு கட்டை அவிழ்த்தால் எழும் தூசியின் வாசனை சிலருக்குப் பிடித்துவிடும். அவர்களை அப்புறம் வீட்டுக்கு அழைத்து வருவது கஷ்டம்.

ஆனால் ஒன்று சொல்வேன். தேர்வுக்காகப் படிக்கிற நாலு வரி, தேர்வு முடிந்ததும் போய்விடும். குறுக்கு விசாரணை போகாது. நாளை தாலுகா ஆபீஸில் உங்கள் மேஜைக்கு ஒரு பட்டா தகராறு வரும்போது, இரண்டு பத்திரத்தில் எது முந்தியது, நான்கெல்லை ஏன் மாறியது, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யாருக்கு உறவு என்று பார்ப்பீர்களே, அது உத்திரமேரூர்ச் சுவரில் கற்றதுதான்.

என் சகாக்களான பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரலாற்றுவரைவியல் தாளைப் பல பாடத்திட்டங்களில் கடைசி ஆண்டில் வைத்திருக்கிறோம். சமையல் முடிந்து இலை போட்ட பிறகு அரிவாள்மனையில் எப்படி உட்காருவது என்று சொல்லித்தருகிறோம். அந்தத் தாளை நகர்த்த நமக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். முதல் வாரத்தில் ஒரு கல்வெட்டு நகலை வகுப்புக்குக் கொண்டுவர யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மாணவர்களே, உங்களுக்கும் ஓர் ஆளைக் காட்டுகிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். வரலாற்றுப் பட்டம் வாங்கியவர் அல்லர். பழைய புத்தகங்களோடு, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர் கசக்கி எறிந்ததையெல்லாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் இறந்தார். அவர் சேகரிப்பை வைத்துச் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகத்துக்கு இன்று உலகெங்கிலுமிருந்து ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். போகியன்று உங்கள் வீட்டுப் பரணிலிருந்து எது தெருவுக்கு வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். கொளுத்துவதற்கு முன் படித்துவிடுங்கள்.

அந்தக் குடத்துக்கு வருகிறேன்.

மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன்பே அந்தப் பெண் வந்து நின்றாள். கையில் குடம் இல்லை. "சார், நேத்து நாம சொன்னதெல்லாம் தப்பு" என்றாள். "அது எங்க அப்பாயி பேர் இல்ல. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் படிச்சுக் காட்டுன பிறகுதான் அவங்களுக்கே தெரியும். மழை பொய்ச்ச வருஷம் யாரோ வித்த குடத்தைப் பழைய பாத்திரக் கடையில எடைக்கு வாங்கினாங்களாம். முப்பது வருஷமா வேற ஒருத்தி பேர்லதான் தண்ணி எடுத்துருக்காங்க."

ஒரு மணி நேரம் நானும் அறுபது பேரும் உட்கார்ந்து கட்டிய வரலாறு அது. வீட்டில் இருப்பது நம்முடையதுதான் என்று நினைத்துக்கொண்டோம். சாட்சியை யாரும் குடையவில்லை. குடைந்தது, வீட்டுக்குப் போய்த் தன் அப்பாயியிடம் ஒரு கேள்வி கேட்ட அந்தப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திதான்.

"அப்புறம் அப்பாயி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் பேரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க சார். கேட்டுட்டு, 'பாவம், என்ன கஷ்டமோ, வித்துருக்கா'ன்னாங்க."

அன்று பஸ்ஸில் கேட்டவருக்கு இப்போது பதில் சொல்லத் தெரிகிறது: தம்பி, குடத்தில் இருக்கிற பெயர் யாருடையது என்று கேட்கப் படிக்கிறான்.